பிரிவுக்கும் ஒரு பத்திரம் உண்டு



உங்கள் வீட்டு அலுமாரியில் என்னென்ன கடதாசிகள் இருக்கின்றன என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். காணி உறுதி இருக்கும். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் இருக்கும். நகை அடகு வைத்த துண்டும், மின்சாரப் பட்டியலும், ஹஜ்ஜுக்குப் போன மாமாவின் பழைய கடவுச்சீட்டும்கூட ஒரு பையில் பத்திரமாக இருக்கும். ஆனால் விவாகரத்து நடந்த ஒரு வீட்டில், அந்த விவாகரத்துக்கான பத்திரம் எங்கே என்று கேட்டால் பெரும்பாலும் மௌனம்தான் பதிலாகக் கிடைக்கிறது.

பாடசாலையில் இஸ்லாம் பாடம் கற்பிக்கும் மௌலவி ஆசிரியன் நான். மாத்தளை மாவட்டத்தில் மௌலவி ஒருவருக்குப் பாடம் நடத்துவது மட்டும் வேலையல்ல. ஜும்ஆ முடிந்ததும் பள்ளி வாசலில் யாராவது ஒரு கடதாசியை நீட்டுவார்கள். சிங்களத்தில் எழுதிய கடிதத்தை வாசித்துச் சொல்ல வேண்டும், விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். அவ்வாறு என்னிடம் வந்த விடயங்களுள் மனதை மிகவும் வருத்தியது, இல்லாத கடதாசியைத் தேடி வந்த பெண்களின் நிலைதான். ஆகவே அதுபற்றி உங்களோடு சற்று விரிவாகப் பேச விரும்புகின்றேன்.

வாப்பா அடுப்பில் போட்ட பத்திரம்

உக்குவெலப் பக்கத்துச் சகோதரி ஒருவர். இருபது வயதில் திருமணம், இருபத்து நான்கில் விவாகரத்து. ஒரு மகன். பதினான்கு வருடங்கள் தையல் தைத்துப் பிள்ளையை வளர்த்தார். மனைவியை இழந்த நல்ல மனிதர் ஒருவரிடமிருந்து மாப்பிள்ளைப் பேச்சு வந்தது. எல்லாம் பேசி முடிந்த பிறகு விவாகப் பதிவுகாரர், "முன்னைய விவாகரத்துப் பதிவின் பிரதியைக் கொண்டு வாருங்கள்" என்று சொல்லிவிட்டார். அவர் கேட்டதில் தவறேதுமில்லை. கேட்பது அவரது கடமை.

அந்தச் சகோதரி என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகின்றேன். "சேர், அந்தக் கடதாசிய வாப்பா அடுப்புல போட்டுட்டார். நம்மட குடும்பத்துக்கு இது ஒரு வெக்கம், இது வீட்டுல இருக்கப்படாதுண்டு சொன்னார். வாப்பாவும் இப்ப இல்ல. நான் எங்க போய்த் தேடுறது?"

வாப்பா மகள்மீது கொண்ட பாசத்தினால்தான் அதை எரித்தார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எரிந்தது வெட்கம் அல்ல. அவருடைய மகளின் உரிமைக்கான சாட்சியே எரிந்து போனது.

நாங்கள் முதலில் அவர் இப்போது வசிக்கும் பகுதியின் காதி நீதிபதியிடம் விசாரித்தோம். அந்த வருடத்து ஏடுகளில் அப்பெயர் இல்லை. அவர் அழ ஆரம்பித்துவிட்டார். அப்போது நான் ஒரு கேள்வி கேட்டேன்: "தங்கச்சி, தலாக் நடந்த காலத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" "பிள்ள கிடைக்க ராத்தாட வீட்டுக்குப் போனன் சேர், குருணாகல் பக்கம். ஒன்றரை வருஷம் அங்கதான் இருந்த."

பூட்டுக்கு அங்கேதான் சாவி இருந்தது. ஏனென்றால் நமது நாட்டுச் சட்டப்படி, தலாக் சொல்ல விரும்பும் கணவன் தான் வசிக்கும் இடத்துக் காதியிடமல்ல, மனைவி வசிக்கும் பகுதியின் காதியிடமே அறிவித்தல் கொடுக்க வேண்டும். மனைவி தானாகப் பஸஹ் கோருவதாயினும் தான் வசிக்கும் பகுதியின் காதியிடமே விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே விவாகரத்துப் பதிவைத் தேடும் ஒருவர் முதலில் தேட வேண்டியது அலுவலகத்தை அல்ல; அந்த நாளில் அந்தப் பெண் எந்த வீட்டில் இருந்தாள் என்பதைத்தான்.

நமது மாவட்டத்தில் மூன்று வாசல்கள்

இங்கே ஒரு விடயத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். நமது நாட்டில் விவாகரத்து எல்லோருக்கும் ஒரே இடத்தில் நடப்பதில்லை. மாத்தளை, கண்டி இராச்சியத்துக்குட்பட்டிருந்த பகுதி. ஆகவே இங்கே மூன்று வாசல்கள் இருக்கின்றன.

முதலாவது, மாவட்ட நீதிமன்றம். பொது விவாகச் சட்டத்தின் கீழ் மணம் முடித்தவர்கள் அங்கே வழக்குத் தொடர வேண்டும். அங்கே முதலில் ஒரு நிபந்தனைத் தீர்ப்பும், மூன்று மாதங்களின் பின்னர் அதை முடிவாக்கும் தீர்ப்பும் வழங்கப்படும். பிரதி எடுப்பவர்கள் முடிவான தீர்ப்பின் பிரதியையே எடுக்க வேண்டும். முதல் தீர்ப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணக் கூடாது. வழக்கிலக்கம், இரு தரப்பாரின் பெயர்கள், வழக்கு நடந்த வருடம் ஆகியவற்றுடன் நீதிமன்றப் பதிவாளரிடம் விண்ணப்பித்தால் ஆவணக் காப்பறையிலிருந்து கோவையை எடுப்பார்கள்.

இரண்டாவது, மாவட்டப் பதிவாளர். 1952ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் மணம் முடித்த நமது சிங்கள அயலவர்களுக்கு விவாகரத்து வழங்குபவர் அவரே. அதற்காக அவர்கள் நீதிமன்றம் போவதில்லை.

மூன்றாவது வாசல் நம்முடையது, காதி நீதிமன்றம். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் 1954 ஆகஸ்ட் முதல் நடைமுறைக்கு வந்தது. முஸ்லிம்கள் இருவருக்கிடையிலான திருமணம் இச்சட்டத்தின் கீழேயே பதியப்படுகிறது. ஆகவே முஸ்லிம் தம்பதியரின் விவாகரத்தை மாவட்ட நீதிமன்றத்தில் தேடுவது, உப்பைச் சீனிப் போத்தலில் தேடுவது போன்றது. படித்தவர்களும்கூட மாத்தளை நீதிமன்றத்துக்கு இரண்டு மூன்று நாட்கள் அலைந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியதைக் கண்டிருக்கின்றேன்.

இந்த ஏற்பாடு நேற்று வந்ததுமல்ல. 1806ஆம் ஆண்டு ஆங்கிலேயர் வெளியிட்ட முஹம்மதியச் சட்டக் கோவை, 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் மூலம் கண்டி மாகாணங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. 1929ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் 1937இல் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பின் வந்ததே இப்போதுள்ள 1951ஆம் ஆண்டுச் சட்டம். நமது பாட்டிமார் காலத்திலிருந்தே பதிவு என்பது நம்மோடு வந்த ஒன்றுதான்.

ஏட்டில் என்ன எழுதப்படுகிறது?

தலாக் என்றால் கணவன் வாயால் சொன்னதும் முடிந்தது, காதியிடம் போவது வெறும் சடங்கு என்று நினைப்பவர்கள் உண்டு. சட்டம் சொல்லும் ஒழுங்கைப் பாருங்கள். கணவன் அறிவித்தல் கொடுத்ததும், காதி உறவினரையும் ஊர்ப் பெரியவர்களையும் கொண்டு சமாதானம் செய்ய முயல வேண்டும். முப்பது நாட்களுக்குள் சமாதானம் ஏற்படாவிட்டால்தான், காதியின் முன்னிலையில், இரண்டு சாட்சிகளின் முன் தலாக் சொல்ல வேண்டும். அதன் பின்னரும் காதி சமாதானத்துக்கு முயல வேண்டும். பஸஹ் வழக்காயின் காதியோடு மூன்று முஸ்லிம் மதியுரைஞர்கள் அமர்ந்து, மனைவியின் முறைப்பாட்டையும் சாட்சியத்தையும் கேட்க வேண்டும்.

கணவன் தரப்பிலிருந்து ஒருவரும் மனைவி தரப்பிலிருந்து ஒருவருமாக நடுவரை அனுப்பச் சொல்லும் அந்நிஸா அத்தியாயத்தின் 35ஆம் வசனமும், நீதியுள்ள இருவரைச் சாட்சியாக்கச் சொல்லும் அத்தலாக் அத்தியாயத்தின் 2ஆம் வசனமும் இந்த ஒழுங்கில் தெரிவதை நீங்கள் கவனிக்கலாம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமே திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம். பத்து ரூபாய்க் கடனை எழுதி வைக்க வேண்டுமாயின், ஒரு பெண்ணின் வாழ்வையே மாற்றும் பிரிவை எழுதாமல் விடுவது எவ்வகையில் நியாயமாகும்?

ஆனால் ஓர் உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பதிவு இல்லை என்ற காரணத்தால் மட்டும் ஒரு திருமணமோ விவாகரத்தோ செல்லுபடியாகாமல் போவதில்லை என்று அச்சட்டத்தின் 16ஆம் பிரிவு கூறுகிறது. அதாவது பதிவு என்பது விவாகரத்து அல்ல, விவாகரத்தின் சாட்சி. மார்க்கத்திலும் அப்படித்தான், ஷாஃபிஈ மத்ஹபில் தலாக்குக்குச் சாட்சி வைப்பது ஸுன்னத்தேயன்றி நிபந்தனையல்ல. இதைப் பிடித்துக்கொண்டுதான் சில ஆண்கள், "நான் சொல்லிவிட்டேன், அது போதும்" என்று வெளிநாட்டிலிருந்து ஒரு கடிதத்தையோ தொலைபேசியில் ஒரு குரல் பதிவையோ அனுப்பிவிட்டு இருந்துவிடுகிறார்கள். அவர் மறுமணம் செய்துகொள்வார். இங்கே இருப்பவளோ மனைவியுமல்ல, விவாகரத்துப் பெற்றவளுமல்ல. இத்தகைய நிலையில் உள்ள சகோதரிகள் காத்திருக்கத் தேவையில்லை. அக்கடிதத்தையும் சாட்சிகளையும் கொண்டு தமது பகுதிக் காதியை நாடலாம். கணவன் தலாக்கை மறுத்தால், செலவுக்குக் கொடுக்காமை, கைவிட்டமை போன்ற காரணங்களைக் காட்டிப் பஸஹ் கோரலாம். அவ்வாறு பெற்றுக்கொள்ளும் தீர்ப்பு பதிவாகிவிடும்.

ஒரு தேதிக்குள் எத்தனை உரிமை!

விவாகரத்துப் பதிவில் மிகப் பெறுமதியானது தேதி. தலாக் சொன்ன தேதி வேறாகவும் பதிவு செய்த தேதி வேறாகவும் இருக்கலாம். இத்தா எண்ணத் தொடங்குவது தலாக் நிகழ்ந்த தேதியிலிருந்து. ஆகவே பிரதி கையில் கிடைத்ததும் இரண்டையும் பிரித்துப் பாருங்கள்.

வாரிசுரிமையும் இந்தத் தேதியில்தான் தங்கியிருக்கிறது. மீட்டெடுக்கக்கூடிய தலாக்கின் இத்தாவில் இருக்கும்போது கணவன் மௌத்தானால், அப்பெண் அவருக்கு வாரிசாவாள். மரணத்துக்குரிய நான்கு மாதமும் பத்து நாளும் கொண்ட இத்தாவுக்கு மாறுவாள். இத்தா முடிந்த மறுநாள் அவர் மௌத்தானால் அவளுக்குப் பங்கில்லை. பிள்ளை இல்லாதவராயின் மனைவிக்கு நான்கில் ஒன்று, பிள்ளை இருந்தால் எட்டில் ஒன்று. நமது நாட்டிலும் 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் மரண சாசனமில்லா வாரிசுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி முஸ்லிம்களின் சொத்து அவரவர் மத்ஹபின்படியே பங்கிடப்படுகிறது.

ரத்தோட்டைப் பக்கத்தில் ஒரு குடும்பம். மையித்தை அடக்கி நாற்பது நாள் ஆகவில்லை, காணித் தகராறு தொடங்கிவிட்டது. மூத்த மனைவி, "என்னை அவர் விடவில்லை" என்கிறார். இளைய மனைவியின் சகோதரர்கள், "எப்போதோ விட்டுவிட்டார்" என்கிறார்கள். இரு தரப்பாரும் சத்தியம் செய்யத் தயார். பதிவில் அப்படியொரு விவாகரத்து எங்குமே இல்லை. இறந்தவர் திரும்பி வந்து சொல்லப் போவதுமில்லை. அந்த இரு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வாப்பாவின் பிள்ளைகள். இன்று பெருநாளைக்குக்கூட ஒருவர் வாசலை ஒருவர் மிதிப்பதில்லை.

தேடும் முறை

இனி, பத்திரத்தைத் தேடும் சகோதரிகள் செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கின்றேன்.

1. முதலில் திருமணப் பதிவின் பிரதியை எடுங்கள். பிரதேச செயலகத்திலுள்ள பதிவாளர் பிரிவில் அதற்கு விண்ணப்பிக்கலாம். மாத்தளை மாவட்டத்தில் 11 பிரதேச செயலகங்கள் இருக்கின்றன. திருமணம் எந்தப் பகுதியில் பதியப்பட்டதோ அங்கே போக வேண்டும். அதிலுள்ள இலக்கமும் தேதியும் பெயர்களும் அடுத்த படிக்கு வழிகாட்டும்.

2. விவாகரத்து நடந்த காலத்தில் மனைவி வசித்த ஊரை உறுதிசெய்து, அப்பகுதிக் காதி நீதிபதியை நாடுங்கள். காதிமார் பலர் வாரத்தில் குறித்த நாளிலேயே அமர்வார்கள். பள்ளி நிர்வாகத்திடம் நாளையும் இடத்தையும் கேட்டுக்கொண்டு போனால் வீண் அலைச்சல் இல்லை.

3. அக்காலத்துக் காதி ஓய்வு பெற்றிருந்தாலோ மௌத்தாகியிருந்தாலோ மனம் தளராதீர்கள். ஏடுகள் அவருடைய சொந்தச் சொத்தல்ல, பதவியோடு சேர்ந்தவை. இப்போதுள்ள காதியிடம் எழுத்தில் கேளுங்கள். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்திலும் விசாரியுங்கள். காதிமாரை நியமிப்பது நீதிச் சேவை ஆணைக்குழு. வேறு வழியில்லாதபோது அதற்கும் எழுதலாம்.

4. அந்த வழக்கு மேன்முறையீட்டுக்குப் போயிருந்தால், கொழும்பு புதுக்கடையிலுள்ள காதிகள் சபையில் கோவை இருக்கலாம். தாபரிப்புப் பணம் கட்டாததற்காகக் காதி நீதவான் நீதிமன்றத்துக்கு அனுப்பியிருந்தால், அங்கேயும் அதன் தடயம் இருக்கும்.

5. பெயரைப் பல விதமாகத் தேடச் சொல்லுங்கள். ஒரே பரீதா ஓரிடத்தில் பரீதாவாகவும், இன்னோரிடத்தில் ஃபரீதாவாகவும், சிங்கள ஏட்டில் வேறு எழுத்திலும் இருப்பார். வாப்பாவின் பெயரை முன்னே எழுதுவதும் பின்னே எழுதுவதும் உண்டு. அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் கையில் இருக்கட்டும்.

6. வாய்ப்பேச்சோடு நிறுத்தாதீர்கள். தேதியிட்ட விண்ணப்பம் ஒன்றைக் கொடுத்து, அதன் பிரதியில் கையொப்பம் வாங்குங்கள். பொது அலுவலகம் ஒன்று பதில் தராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அங்குள்ள தகவல் அலுவலரிடம் உங்கள் சொந்தக் கோவை பற்றிக் கேட்கலாம்.

7. பிரதி கிடைத்ததும் முழுவதையும் வாசியுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் நம்பிக்கையான ஒருவரைக் கொண்டு வாசிப்பியுங்கள்.

இந்தக் கடைசி விடயத்தை நான் சும்மா சொல்லவில்லை. அந்த உக்குவெலச் சகோதரியின் கோவை கிடைத்தபோது, விவாகரத்துப் பதிவோடு இன்னொரு கட்டளையும் இருந்தது. மகனுக்கு மாதாந்தம் தாபரிப்புக் கொடுக்க வேண்டுமென்று காதி அப்போதே கட்டளையிட்டிருக்கிறார். அதைப் பற்றி அவரிடம் எவரும் சொல்லவில்லை. பெண்பிள்ளைக்கு எதற்கு என்று பெரியவர்கள் தமக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். பதினான்கு வருடங்கள் தையல் இயந்திரத்தை மிதித்த அந்தத் தாய், கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டது ஒன்றுதான்: "அப்ப, இது என்ட மகன்ட ஹக்கா சேர்?" ஆம், ஹக்குத்தான். மஹர், கைக்கூலி, இத்தாக் காலச் செலவு, பிள்ளையின் தாபரிப்பு ஆகியவற்றை விசாரிக்கும் அதிகாரம் காதிக்கு உண்டு. கொடுக்கத் தவறினால் நீதவான் நீதிமன்றம் மூலம் தண்டப்பணத்தைப் போல அறவிடவும் சட்டம் இடம் தருகிறது.

பெண் கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை

மாப்பிள்ளை, "முதல் மனைவியை விட்டுவிட்டேன்" என்று சொன்னால், அவரிடம் பதிவைக் காட்டச் சொல்லுங்கள். இது துருவி ஆராய்வதாகாது. பிறர் குறையைத் துருவுவதை அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் தடுக்கிறது. ஆகவே அயல் வீட்டாரின் விவாகரத்தைத் தோண்டிப் பார்ப்பது நமக்கு ஆகாது. ஆனால் தன் மகளைக் கொடுக்கப் போகும் வாப்பா கேட்பது அமானிதத்தைப் பேணுவதாகும். முதல் மனைவி இருக்கும்போதே இன்னொரு திருமணம் செய்வதாயின், முன்கூட்டியே காதிக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும் என்பதும், அது ஜும்ஆப் பள்ளிகளில் ஒட்டப்பட வேண்டும் என்பதும் சட்டமே.

இச்சட்டத்தின்படி காதியாக நியமிக்கப்படுபவர் ஆணாகவே இருக்க வேண்டும். காதியின் முன் சட்டத்தரணி ஆஜராகவும் முடியாது. ஆகவே ஒரு பெண் அங்கே தனியாகவே நின்று பேச வேண்டியிருக்கிறது. சட்டத்தைத் திருத்துவது பற்றி ஆராய 2009இல் நீதியரசர் ஸலீம் மர்சூப் தலைமையில் குழுவொன்று நியமிக்கப்பட்டு, 2018இல் அறிக்கை கையளிக்கப்பட்டது. அக்குழுவுக்குள்ளேயே இரு கருத்துக்கள் இருந்தன, ஊரிலும் இருக்கின்றன. எக்கருத்தை உடையவராயினும், ஏட்டை ஒழுங்காக எழுதுவதிலும் பாதுகாப்பதிலும், கேட்டு வரும் பெண்ணுக்கு மரியாதையோடு எடுத்துக் கொடுப்பதிலும் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது.

வெட்கப்பட வேண்டியது எது?

ஃபாத்திமா பின்த் கைஸ் ரலியல்லாஹு அன்ஹா விவாகரத்துச் செய்யப்பட்டவர். இத்தா முடிந்ததும் இருவர் அவரைப் பெண் கேட்டார்கள். அவர் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களிடம் வந்து வெளிப்படையாக ஆலோசனை கேட்டார். நபியவர்கள் உஸாமாவை மணக்கும்படி சொன்னார்கள். அவர் ஒளிந்திருக்கவுமில்லை, எவரும் அவரை ஒளித்து வைக்கவுமில்லை. நாம் மட்டும் ஏன் நமது மகளின் பிரிவைக் களவுப் பொருளைப் போல மறைக்க வேண்டும்?

தாய்மார்களே! உங்கள் மகளுக்கோ சகோதரிக்கோ பிரிவு ஏற்பட்டிருந்தால், அந்தப் பத்திரத்தின் இரண்டு பிரதிகளை எடுத்து ஒன்றை அவளுடைய கையிலேயே கொடுங்கள். வாப்பாவின் கையிலோ நானாவின் கையிலோ அல்ல, அவளுடைய கையில். மற்றதைக் காணி உறுதியோடு சேர்த்து வையுங்கள். பதிவு செய்யப்படாத பிரிவாயின், சாட்சிகள் உயிரோடு இருக்கும்போதே காதியை நாடுங்கள். சாட்சிகள் மௌத்தாகிவிட்டால் எழுதுவதற்கு எவரும் மிஞ்சமாட்டார்கள்.

பிரிந்தாலும் அழகிய முறையில் பிரியச் சொன்ன மார்க்கம் நம்முடையது. எழுதி, சாட்சி வைத்து, உரிமையைக் கொடுத்துப் பிரிவதும் அந்த அழகைச் சேர்ந்ததே. வல்ல நாயன் அல்லாஹ் நமது குடும்பங்களைச் சேர்த்து வைப்பானாக! பிரிய நேர்ந்தோரின் உரிமைகளைப் பாதுகாப்பானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.